அடுத்த எலெக்‌ஷனுக்குள்ள

— நான் இன்னா இல்லன்னா சொன்னேன் சகாயராணி? வாய்க்கா மேல பாலம் கட்டித் தரோம்னு ஓட்டு கேட்டப்ப சொன்னது சொன்னதுதான். எப்பக் கட்டித் தரோம்னு சொன்னோம்? அத நீயே சொல்லு.

— அடுத்த எலெக்‌ஷனுக்குள்ளன்னு சொன்னீங்க மெம்பரே.

— அவ்ளோதான. அடுத்த பஞ்சாயத்து எலெக்‌ஷன் வந்துச்சா?

— எங்க வந்துச்சி. இத்தினி வருசத்துல ஒரே ஒரு தடவ வருதுன்னாங்க, அதுவும் நின்னு போச்சி.

— அப்ப நான் எப்பிடிம்மா வாக்கு தப்புனவன் ஆவேன்? சட்டப்படி பாத்தா டைம் இன்னும் இருக்குது. மஞ்சு, டீ போட்டியா? சகாயராணி வந்துருக்குது பாரு, அதுக்கும் ஒரு கிளாசு.

— டீலாம் வேணாம் மெம்பரே. அந்த ஓட்டு போட்டப்ப எம் பொண்ணு லில்லி எம் இடுப்புல இருந்தா. இப்ப அவளுக்கு நாலாம் மாசம்.

— அப்பிடியா. நல்ல சேதிதான. மாப்ள ஊரு பண்டசோழநல்லூருதான?

— ஆமா. அங்கதான் இப்பப் பிரச்சன. தலப் பிரசவம், வளகாப்பு போட்டு எங்க வூட்டுக்கு இட்டுனு வரணுமில்ல. சம்மந்தியம்மா ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. தென்னமரத்து மேல நடந்துபோற வூட்டுக்கு எம் மருமவள அனுப்ப மாட்டேன், பாலம் வந்தா பாக்கலாம்னுட்டாங்க.

— தென்னமரம் கெட்டியாதான இருக்குது. நான்தான அத வாய்க்கா மேல போட்டுக் குடுத்தேன்.

— போட்டீங்க. புயல்ல சாஞ்ச மரம் அது, பாதி மக்கிப் போச்சி. போன மழைக்கு எம் புருசன் அரிசி மூட்டையோட உள்ள வுழுந்தாரு. அரிசி போச்சி, ஆளு வந்தாரு. அத யாரோ சம்மந்தியம்மாகிட்ட சிரிச்சிக்கினே சொல்லிட்டாங்க.

— யாரு, ஒங்க தெரு டேனியலா?

— அவரேதான். வாயி சும்மா இருக்குமா.

— செரி, ஆஸ்பத்திரியிலதான பிரசவம் பாக்கப் போறீங்க. வாய்க்காவுலயா பாக்கப் போறீங்க?

— வலி வூட்ல தான மெம்பரே வரும். ஆம்புலன்சு வாய்க்காவுக்கு அந்தாண்ட நிக்கும். வயித்தப் புடிச்சிக்கினு அவ அந்த மரத்து மேல நடப்பாளா? நெசமா கேக்குறேன், சிரிக்காதீங்க.

— சிரிக்கலம்மா. அதுக்கு இன்னும் நாள் இருக்குதே. இப்ப இன்னாத்துக்கு காலங்காத்தால ஓடியாந்த?

— கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுலேருந்து எஞ்சினியரு வந்துருக்காரு. வாய்க்கா கரையில டேப்ப வச்சிக்கினு நிக்கிறாரு. பாலம் சாங்ஷன் ஆயிடிச்சி.

— எந்தப் பாலம்?

— நம்ம பாலந்தான். நானும் எங்க தெரு பொம்பளைங்களும் பாகூரு ஆபீசுக்கு நடையா நடந்தோமே, ஒங்களுக்குத் தெரியாதா?

— எங்கிட்ட யாரும் சொல்லல.

— சொன்னா டைம் இருக்குதும்பீங்க.

— கிண்டலு. செரி, வந்துடுச்சில்ல, கட்டட்டும். அதுக்கு எங்கிட்ட இன்னா?

— இந்தக் கர எங்க தெரு. அந்தக் கர ஒங்க கரும்புக் கொல்ல. பாலம் அந்தக் கொல்ல மூலையில ஆறடி வந்து எறங்குது. நெலத்துக்காரங்க நேர்ல வந்து எடத்தக் காட்டுனா இன்னிக்கே கல்லு நட்டுடுவாராம். இல்லன்னா வேலைய வேற ஊருக்கு மாத்திடுவாங்களாம்.

— ஓ. அதான் விசயமா.

— அதான்.

— அது எம் மாமனாரு சீரா குடுத்த கொல்லம்மா. இன்னிக்கு ஆறடின்னுவாங்க. அப்பறம் வண்டி வரும், மாடு வரும், போறவன் வரவன்லாம் கரும்ப ஒடிச்சிக்கினு போவான். நாளைக்கு அதுவே பொது வழி ஆயிடும். ஒங்க தெரு மொத்தமும் எங்க கொல்ல வழியா நடக்கும்.

— நடக்கத்தான் மெம்பரே பாலம்.

— நான் தப்பா சொல்லல. சட்டப்படி பாத்தா பட்டா நெலத்துல யாரும் கைய வைக்க முடியாது.

— இருங்க, போனு. அல்லோ. சார், இங்கதான் சார் இருக்கேன், மெம்பரு வூட்ல. பேசிக்கினு இருக்கேன் சார். அஞ்சு நிமிசம். இல்ல சார், கெளம்பிடாதீங்க, எங்க தெருவுல சொல்லுங்க, எளநி வெட்டித் தருவாங்க. ஆங். செரி சார்.

— எளநி வேறயா.

— வெயில்ல நிக்கிறாரு பாவம்.

— இந்தா சகாயராணி, டீ எடுத்துக்கோ. சக்கர கம்மியா போட்டுருக்கேன். நீ அப்பிடித்தான குடிப்ப.

— ஆமாங்க்கா. ஞாபகம் வச்சிருக்கீங்களே.

— மஞ்சு, டீய வச்சிட்டு நீ உள்ள போ. ஆபீசு விசயம் பேசிக்கினு இருக்கோம்.

— பேசுங்க. காதுல வுழத்தான செய்யிது. லில்லிக்கு நாலாம் மாசமா சகாயராணி?

— ஆமாங்க்கா.

— மஞ்சு.

— நிக்கிறேன், அவ்ளோதான். நீங்க பேசுங்க.

— மெம்பரே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த வாக்கு இன்னும் இருக்குதா, இல்ல செத்துப் போச்சா?

— இருக்குதுன்னுதான சொன்னேன். அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் இருக்குது.

— அப்ப வந்து எடத்தக் காட்டுங்க. இன்னியோட வாக்கு நெறவேறிடும்.

— அதெப்பிடி. பதவியில இருந்தாதான அந்த வாக்கு. அஞ்சு வருசம் முடிஞ்சி பதவி போயி எவ்ளோ நாளாச்சி. இப்ப நான் மெம்பரு இல்ல, சாதாரண வெவசாயி. எங்கிட்ட வந்து பாலத்தக் கேட்டா?

— வாசல் கேட்டுல மெம்பர் இல்லம்னு போர்டு இருக்குது.

— அது பழைய போர்டும்மா.

— பொங்கலுக்குத்தான பெயிண்டு அடிச்சீங்க. செவப்புல.

— எழுத்து அழிஞ்சிருந்துச்சி, அடிச்சோம்.

— மவன் கல்யாணப் பத்திரிகையில மெம்பருன்னு போட்டீங்க. திருவிழா நோட்டீசுல போட்டாங்க. முந்தாநேத்து டீக்கடையில புதுசா வந்த பையன் ஒங்கள பெருசுன்னு கூப்புட்டான்னு கிளாச வச்சிட்டு எழுந்து வந்துட்டீங்களாமே.

— அவனுக்கு மரியாத தெரியல. ஜனங்க ஆசையா ஒரு பேரு வச்சிக் கூப்புடுது. அத நான் வேணாம்னா சொல்ல முடியும்?

— வேணாம்னு சொல்ல வேணாம். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. நீங்க மெம்பரா, இல்லியா? மெம்பருன்னா வாக்கு இருக்குது, எழுந்து வாங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, நான் ஒங்கள இனிமே தொந்தரவு பண்ணல.

— இன்னாம்மா இது, கோர்ட்டுல கேக்குறாப்புல கேக்குற.

— நெசமாத்தான் கேக்குறேன்.

— இல்லம்மா. நான் மெம்பரு இல்ல. போதுமா?

— போதும் பச்சையப்பண்ணே.

— இன்னா சொன்ன?

— பச்சையப்பண்ணேன்னு சொன்னேன். இத ஒங்க வாயால கேக்கத்தான் வந்தேன். இனிமே நான் அக்காகிட்ட பேசிக்கிறேன்.

— அவகிட்ட ஒனக்கு இன்னா பேச்சு?

— அது லேடீஸ் சீட்டுண்ணே. நின்னது அக்கா, நாங்க ஓட்டு போட்டதும் அக்காவுக்கு. கையெழுத்து போட அக்கா மீட்டிங்குக்குப் போவாங்க, மாலை வாங்க நீங்க போவீங்க. எங்க தெருவுல எல்லாரும் ஒங்களையே மெம்பரு மெம்பருன்னு கூப்புட்டுப் பழகிட்டோம். அது எங்க தப்பு.

— ஏய், அந்த எலெக்‌ஷனுக்கு ராப்பகலா அலைஞ்சது யாரு? வூடு வூடா போயி கும்புட்டது யாரு?

— நீங்கதான். யாரு இல்லன்னா. ஆனா எங்க தெரு முனையில ஜீப்புல நின்னு மைக்குல பாலம் கட்டித் தரேன்னு சொன்னது அக்கா. லில்லி அந்த சத்தத்துக்கு அழுதா. எறங்கி வந்து அவ கையில ஒரு பிஸ்கட்டு குடுத்தாங்க. மறந்துட்டீங்களாக்கா?

— மறக்கல சகாயராணி.

— மஞ்சு, அது நான் எழுதிக் குடுத்தத நீ படிச்ச. அவ்ளோதான.

— பாலம் கட்டித் தரேன்ங்கற வரைக்கும் நீங்க எழுதுனது. அடுத்த எலெக்‌ஷனுக்குள்ளங்கறத நான்தான் சேத்து சொன்னேன். அஞ்சு வருசத்துக்கு மேல எதுக்கு அவங்க காத்துனு இருக்கணும்னு அப்ப தோணுச்சி. நீங்க இத்தினி வருசமா அதையே சொல்லிச் சொல்லித் தள்ளி வுட்டீங்க. நானும் உள்ள நின்னு கேட்டுக்கினு இருந்தேன்.

— இப்ப எதுக்கு அதெல்லாம். ஏய், எங்க கெளம்பற? செருப்ப ஏன் மாட்டுற?

— எங்கப்பா எனக்குக் குடுத்த கொல்ல. நான்தான போயி எடத்தக் காட்டணும். சகாயராணி, எஞ்சினியருக்குப் போனப் போடு, கெளம்பிடப் போறாரு.

— போட்டுக்கினேதான் இருக்கேன்க்கா, வாங்க.

— மஞ்சு, நில்லு. அப்ப இந்த வூட்ல நான் யாரு?

— மெம்பரு வூட்டுக்காரரு. டீ ஆறுது, குடிங்க.