மாப்பிள்ளை கழுத்தும் மாமன் கையும்

இந்த மணவிழா அவைக்குத் தலைமை தாங்கி, சுற்ற மறுக்கும் மின்விசிறிக்கு நேர்கீழே அமர நேர்ந்தும் முகம் சுளிக்காமல் வீற்றிருக்கும் பெரியவர் மாது அவர்களே! மணமகன் வீட்டின் மாண்புமிகு பெரியோர்களே! மணமகள் வீட்டின் மாறாப் பொறுமை கொண்ட பெரியோர்களே! ஒரு தோளில் பிள்ளையும் மறு தோளில் பையுமாக, கடைசிப் பேருந்தை மனதில் வைத்தபடி வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்று பந்திக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும், ஒலிபெருக்கி ஒத்துழைக்கும் வரை, என் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'வாழ்த்துரை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாழ்த்துவதற்கு மணமக்கள் வேண்டும். மேடையைப் பாருங்கள். அரியணை போல இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. அலங்காரப் பூக்கள் இருக்கின்றன. அருள்குமார் எங்கே? தேவிப்பிரியா எங்கே? சேலத்திலிருந்து வரவேண்டிய இன்னிசைக் குழு எங்கே? குழு தொப்பூர்க் கணவாயில் நிற்கிறது. லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டதாம், யாருக்கும் அடியில்லை. ஆகவே, "மாப்பிள்ளை வரும் வரை பேசுங்கள்" என்று என்னை ஏற்றிவிட்டார்கள். "சீக்கிரம் முடியுங்கள்" என்ற துண்டுச்சீட்டை வாழ்நாளெல்லாம் வாங்கியவன் நான். நிறுத்தாமல் பேசும்படி என்னை ஒருவர் கேட்டுக்கொள்வது இதுவே முதல் முறை.

என்ன தம்பி? பந்தியா? திறப்பார்கள். மணமக்கள் மேடையேறிய பிறகே இலை போட வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அவருக்கும் பசிதான்.

மாப்பிள்ளை ஏன் வரவில்லை? மயக்கம் என்கிறார் ஒருவர். நகையில் தகராறு என்கிறார் இன்னொருவர். பெங்களூரில் ஏற்கெனவே ஒரு பெண் என்று அந்தத் தூணோரம் ஒரு கதை தொடங்கிவிட்டது. அம்மா, உங்களைத்தான் சொல்கிறேன். கதையை அங்கேயே நிறுத்துங்கள். உண்மை இதுதான்: மணமகனின் தாய்மாமன், இண்டூர் கருப்பண்ணன் அவர்கள், உள்ளே டை கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

சிரிக்க வேண்டாம். இதில் ஒரு குடும்பமே தொங்கிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முதல் மாலை யார் கை? மாமன் கை. தலையில் உருமால் கட்டுவது யார் கை? மாமன் கை. அத்தனை உரிமையும் அவனுக்கு. ஆனால், முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை வரவேற்பில் கோட்டு சூட்டோடு மாப்பிள்ளையை நிற்க வைக்கலாம் என்று நாம் எல்லோரும் கூடி முடிவெடுத்தோமே, அப்போது அந்தக் கோட்டுக்குள் தொங்கும் துணியை யார் கட்டுவது என்று எவராவது பேசினோமா? பேசவில்லை. கோட்டை வாடகைக்கு எடுத்தோம். வழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

கருப்பண்ணன் வைத்துவிட்டு வரவில்லை.

அவருக்குக் காரணம் உண்டு. அக்காள் மகள் சசிகலாவின் திருமணத்தில் என்ன நடந்தது? மாலையோடு இவர் மண்டபத்துக்குள் நுழைகிறார். அதற்குள் போட்டோக்காரர், "வெளிச்சம் போயிடுமுங்க" என்று சொல்லி, கைக்குக் கிடைத்த ஒரு மாலையை எடுத்துப் பெண்ணின் கழுத்தில் போட்டுப் படமும் எடுத்துவிட்டார். கருப்பண்ணன் சத்தம் போட்டாரா? இல்லை. சண்டை பிடித்தாரா? இல்லை. கொண்டுவந்த மாலையை வாசலில் நின்ற காரின் முகப்பில் அழகாகச் சாத்திவிட்டு வீடு திரும்பிவிட்டார். அது தாலுகா அலுவலகத்துக் காராம். ஓட்டுநர் அந்த மரியாதையை நெடுநாள் மறக்கவில்லை.

அன்று போனவர் அக்காள் வீட்டுப் படியேறவில்லை. வாரந்தோறும் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வருவார். அக்காள் வீட்டுத் தெருமுனையைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். வண்டி போகும், நிற்காது. அக்காள் சின்னம்மாள், நம் மாப்பிள்ளையின் தாய், வாசலில் நின்று அந்த வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் திருமணத்துக்குத்தான் தம்பி வந்திருக்கிறான். இதிலும் மனம் கோணிப் போனால் இனி எந்தத் திருமணத்தில் வருவான்? சின்னம்மாளுக்குத் திருமண வயதில் வேறு பிள்ளை இல்லை.

இனி, சற்று முன் உள்ளே நடந்தது. நானும் அந்த அறையில் இருந்தேன். மாப்பிள்ளை கோட்டு மாட்டியாகிவிட்டது. போட்டோக்காரர் டையை எடுத்துக் கழுத்தில் போடுகிறார். கதவருகே ஒரு குரல்.

"அது யாரு கை?"

"எங்கைதாங்க. டை கட்டறனுங்க."

"கழுத்துல கட்டறதா, இல்லியா?"

"கழுத்துலதாங்க. ஆனா இது சும்மா டைங்க, சாங்கியம் இல்லீங்க."

"எங்க அக்கா பையன் கழுத்துல எது ஏறினாலும் எங்கையால ஏறணும். போன கல்யாணத்துல இப்பிடித்தான் வெளிச்சம் போவுதுன்னீங்க. வெளிச்சம் மறுநா வந்துருச்சு. நான்தான் வரல."

அதே போட்டோக்காரர்தான். அவர் டையைக் கீழே வைத்த வேகத்தை நான் இதற்கு முன் பாம்பை மிதித்தவர்களிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்.

சின்னம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். "கட்டுடா தம்பி. நீயே கட்டு" என்றார். கருப்பண்ணன் டையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு தமக்குத் தெரிந்ததைக் கட்டினார். அவருக்குத் தெரிந்தது காளையைத் தளைக்கும் முடிச்சு. அது இழுக்க இழுக்க இறுகுவது. காளைக்கு நல்லது. அருள்குமாரின் முகம், நம் மார்க்கெட்டில் முதல் தரமென்று ஏலம் போகும் தக்காளியின் நிறத்துக்கு வந்தது.

"மாமா... மூச்சு..."

"கொஞ்சம் பொறுத்துக்கடா மாப்ளை. அழகா இருக்குது."

பிரித்தெடுக்க ஆட்கள் வந்தார்கள். அப்போதுதான் அவர் சொன்னார்: "தப்புதான். எனக்கு இது தெரில. கத்துக்கிட்டுக் கட்டறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க." அந்தக் கட்டத்தில் என்னை மேடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதோ, சசிகலா மேடைப் படியில் நிற்கிறாள். என்ன பாப்பா? காதில் வேண்டாம், மைக்கிலேயே சொல். இவர்களும் காத்திருக்கிறார்கள்.

"மாமா ஃபோன்ல வீடியோ பாத்துக் கட்டிப் பழகறாருங்க. மொதல்ல வெள்ளைக்காரன் சொன்னான், புரில. இந்திக்காரனுக்கு மாத்தினாரு, அதும் புரில. இப்ப சத்தத்தை அமுத்திட்டுக் கையை மட்டும் பாக்கறாருங்க."

கேட்டீர்களா? பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பார்க்கிறார். பேச்சாளனான எனக்கு இது சங்கடமான செய்தி. இருந்தாலும் அறிவிக்கிறேன்.

பெரியோர்களே! எண்ணிப் பாருங்கள். உரிமை கேட்பவர்களை நாம் பார்த்ததில்லையா? தலைவர் நாற்காலி என் உரிமை என்பவரைப் பார்த்தோம். பொருளாளர் பதவி என் உரிமை என்பவரைப் பார்த்தோம். கோயில் விழாவில் முதல் மரியாதை என் உரிமை என்று வேட்டியை மடித்துக் கட்டியவர்களைப் பார்த்தோம். அவர்களில் எவராவது, கிடைத்த பிறகு அந்த வேலை எப்படிச் செய்வது என்று கேட்டதுண்டா? கற்றதுண்டா? கற்கவில்லை என்று கவலைப்பட்டதுண்டா? மேடையில் இருக்கும் சிலர் விசிறியைப் பார்க்கிறார்கள். அது இன்னும் சுற்றவில்லை.

உரிமையைக் கேட்டார் கருப்பண்ணன். கேட்ட கையோடு தெரியாது என்றார். தெரியாது என்ற வாயோடு கற்றுக்கொள்கிறேன் என்றார். நம் மாவட்டத்தில் இப்படியொரு வரிசையில் எதுவும் நடந்து நான் கண்டதில்லை. காத்திருக்கலாமா, கூடாதா? காத்திருக்கலாம் என்பவர்கள் கை தட்டுங்கள்... நன்றி. கை தட்டாத பின்வரிசைக்கும் நன்றி, பசி நேர்மையானது.

மறுபடியும் சசிகலா. சொல் பாப்பா.

"கல்யாணப் பொண்ணு, மாமா இருக்கற ரூமுக்கே வந்துருச்சுங்க!"

மணமகளா? நல்லது. தேவிப்பிரியா ஓசூரில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வேலை பார்ப்பவர். அங்கே ஆண் பெண் எல்லோருக்கும் டைதான் சீருடை. அதனால் அவருக்குக் கட்டத் தெரியும். அவரே கட்டிவிட்டாரா?

"இல்லீங்க. 'சித்தப்பா, நான் அவரைத் தொட மாட்டேங்க. நீங்கதான் கட்டணும். நான் எங்கழுத்துல துண்டை வெச்சுக் கட்டறேன், அதப் பாத்து உங்க கழுத்துல கட்டுங்க. அப்பறம் தளத்திக் கழட்டி, அவருக்கு மாலையாட்டம் போட்டுருங்க'ன்னுச்சு. மாமா தன் துண்டை எடுத்துக் குடுத்துட்டாருங்க. அத்தனை நகைக்கு மேல அந்தத் துண்டைப் போட்டுக்கிட்டு நிக்குது. அம்மா அழுதுக்கிட்டே சிரிக்குது."

மணமகள் வீட்டாரே, பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள். மணமகனின் மாமன் மணமகளுக்குச் சித்தப்பா முறை என்பதை, இந்தக் கலவரத்திலும் அவர் தவறவிடவில்லை. உரிமையையும் அவர் பறிக்கவில்லை. வழியை மட்டும் காட்டியிருக்கிறார். இதைவிட நல்ல மருமகளை வாழ்த்துரையில் வேண்டிக்கொள்ளத்தான் நான் குறிப்பெடுத்து வந்தேன். குறிப்பை மடித்து வைக்கிறேன்.

என்ன பாப்பா, அதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாயா?

"மாமா கட்டிட்டாருங்க. அச்சு அசலா வந்துருச்சு. ஆனா கழட்ட முடிலீங்க. தளத்தறதுக்குப் பதிலா இழுத்துட்டாரு, இறுகிப்போச்சு. தலை வழியாவும் வரல, காது தடுக்குது. கத்திரிக்கோல் கொண்டாரட்டான்னேன். 'கல்யாண வூட்டுல கத்திரிக்கோலா'ன்னு அம்மா அடிக்க வந்துருச்சுங்க."

அடடா. அவைத் தலைவர் அவர்களே, பந்தியைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது...

இருங்கள். கதவு திறக்கிறது. நாதஸ்வரம் எங்கே? வாசியுங்கள்!

அன்பர்களே, எழுந்து பாருங்கள். முன்னால் மணமகன் அருள்குமார். கறுப்புக் கோட்டு, பளபளக்கும் காலணி. கழுத்தில் டை இல்லை. ஆனால் தலையில் என்ன? உருமால்! நாளைக் காலைக்கென்று கருப்பண்ணன் பையில் கொண்டுவந்த சிவப்புக்கரை உருமால், கோட்டுக்கு மேலே கம்பீரமாக ஏறியிருக்கிறது. பக்கத்தில் பட்டுச்சேலையில் தேவிப்பிரியா. தோளில் இன்னும் அந்தத் துண்டு. நடுவே, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீலப் பட்டு டை, கோணாத முடிச்சோடு, இண்டூர் கருப்பண்ணன்!

தம்பி அருள்குமார், மைக்குக்கு வா. யார் யோசனை இது?

"நான்தாங்க சொன்னேன். 'மாமா, அது உங்களுக்கே இருக்கட்டும். உங்களுக்குக் கட்டத் தெரிஞ்சத எனக்குக் கட்டுங்க'ன்னேன். உருமாலை ஒரே சுத்துல கட்டிட்டாருங்க."

போட்டோக்காரர் ஏதோ சொல்ல வருகிறார். "ஐயா, டை மாப்பிள்ளைகிட்ட இருந்தா ஃபோட்டோ இன்னும்..." வேண்டாம் ஐயா. உங்களுக்கு வெளிச்சம் இருக்கிறது. அது போவதற்குள் எடுங்கள்.

சின்னம்மாள் மேடையேறுகிறார். தம்பியின் முன் நிற்கிறார். டையின் நுனியைப் பிடித்து நேராக்கிவிடுகிறார். மைக் பக்கத்தில் இருப்பதை அவர் கவனிக்கவில்லை, நீங்கள் கேட்கலாம்.

"தக்காளி வண்டி இனி வாசல்ல நிக்குமாடா?"

"நிக்கும்க்கா. இதைக் கழட்டறதுக்காவது உங்க வூட்டுக்கு வந்துதானே ஆவணும்."

அவைத் தலைவர் இலை போடச் சொல்லிக் கையசைத்துவிட்டார். முதல் பந்தியில் அக்காளுக்குப் பக்கத்து இலை தம்பிக்கு. அதில் எவரும் உட்காரக் கூடாது. காத்திருந்த தாய்மார்களுக்கும், பசித்திருந்த பின்வரிசைக்கும், தொப்பூரில் நிற்கும் பாடகர்களுக்கும், கட்டத் தெரிந்தவர்களுக்கும், தெரியாது என்று சொல்லிவிட்டுக் கற்றுக்கொள்பவர்களுக்கும் என் நன்றி. மணமக்கள் வாழ்க, மாமன் கை வாழ்க, வணக்கம். சாப்பிடப் போகலாம்.