ஜாடிக்கு ஒரு சம்மதம்

— ஜாடியை அந்தப் பக்கமா வைங்க டாக்டரே, இவரு கண்ணுக்கு நேரா. காபி ஆறுது பாருங்க.

— எதுக்கு ஹெர்தீஸ்? பக்கவாதத்துல விழுந்து கெடக்கற உங்க புருஷனுக்குக் காலி ஜாடியைக் காட்டிக்கிட்டு.

— மூளை நல்லாத்தான் இருக்கு. வாயும் கையும்தான் போச்சு. ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினா ஆமா, ரெண்டு தடவைன்னா வேண்டாம். நர்ஸ் பழக்கிவிட்டுப் போனா. தாகமா, குளிருதா, எல்லாம் அதுலதான். குடியிருக்கப் போற வீட்டை அவரே பாக்கட்டுமே.

— நான் மாட்டு டாக்டரா இருந்தவன். குதிரை, சீல், திமிங்கிலம், எல்லாத்தோட ஆண்குறியையும் கேக்காமலே அறுத்து மியூசியத்துல வச்சேன். மனுஷனோடதை அப்படி எடுக்க முடியுமா?

— அதான் ஊரைக் கூட்டிச் சொன்னாரே. தை மாசக் குளிர் விருந்துல, புளிச்ச கிடாக்கொட்டையை மென்னுக்கிட்டே மேசை மேல ஏறி நின்னு, "செத்தா என்னோடது நம்ம எய்விந்தூர் டாக்டரோட மியூசியத்துக்குடா, திமிங்கிலத்துக்குப் பக்கத்துல வைங்க, அது வெக்கப்படட்டும்"னு. நீங்களும்தான் கை தட்டினீங்க.

— தட்டினேன். எல்லாருக்கும் போதை. ஆனா அதுக்கப்புறம் கிறிஸ்துமஸ் சமயத்துல, நல்லா இருந்தப்பவே பாதிரியார்கிட்ட மாத்திச் சொல்லிட்டாராமே. அம்மா பக்கத்துல முழு உடம்பா புதைக்கணும்னு.

— பள்ளிக்கூடப் புள்ளைங்க வந்து பாத்துச் சிரிக்கும்னு பயம் வந்துடுச்சு. கப்பல்ல அத்தனை ஆம்பளைங்களை மிரட்டி வேலை வாங்கின கேப்டன்! பாருங்க, கண்ணுல தண்ணி. துடைக்காதீங்க, தானா காயும்.

— ஹெர்தீஸ், என் மியூசியத்துல ஒரு தோல் கால்சட்டை தொங்குதே, பாத்திருக்கீங்கல்ல?

— செத்தவன் இடுப்புக்குக் கீழ தோலை உரிச்சு மாட்டிக்கிட்டா விதைப்பையில காசு வத்தாதுன்னு சொல்லுவாங்களே, அதுதானே?

— அதேதான். நான் ஆட்டுத்தோல்ல தச்சு வச்சது. அந்தக் கதையில வர்ற சூனியக்காரனே, ஆள் உயிரோட இருக்கும்போது சம்மதம் வாங்கிட்டுத்தான் உரிப்பான். அவனைவிட நான் மட்டமாப் போயிடணுமா?

— அப்ப கேட்டுடுவோம். நீங்களே சாட்சி. பிராந்துர், என்னைப் பாரு. ஜன்னலைப் பாக்காத, என்னைப் பாரு. நீ போனப்புறம் அதை அறுத்து இந்த ஜாடியில போட்டு, உன் பேரை எழுதி, ஊர் பாக்க வைக்கலாமா?

— ரெண்டு தடவை சிமிட்டறார்.

— இருங்க. வைக்கலாமா பிராந்துர்?

— மறுபடியும் ரெண்டு. எப்படி இறுக்கி மூடறார் பாருங்க. போதும் ஹெர்தீஸ், கெஞ்சறார் மனுஷன். வேண்டாம்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. நான் கிளம்பறேன்.

— உக்காருங்க. எனக்கும் தெளிவாத்தான் தெரியுது. இதே கட்டில்ல, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, நானும் இப்படித்தான் தெளிவா வேண்டாம்னு சொன்னேன். இந்த வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குக் கத்துக்கொடுத்தவரே இவருதான். ஆமான்னு எழுதிக்குங்க டாக்டரே.