கழிப்பறையே இல்லாத தெரு

சிங்கப்பெருமாள் கோயிலில் பஸ் ஏறிய இருவர் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஜன்னலோரக்காரர் சொன்னார்:

“எங்க தெருவுல ஒரு வூட்லயும் கக்கூஸ் கிடையாது, அண்ணாத்த.”

“இன்னாது? எல்லாம் மாடி வூடாச்சே! உன் வூட்லயே மூணு கீதே?”

“கீது. பாதாள சாக்கடைக் கட்டணத்த ஏத்திட்டாங்கல்ல? இனிமே எத்தினி கக்கூஸோ, அத்தினிக்கும் தனித்தனியா கட்டணும். வூடு வூடா எண்ணுறதுக்கு ஒரு ஆபீசர் வந்தாரு. எங்க வூட்ல இல்ல சார், பக்கத்து வூட்டுக்குத்தான் போறோம்னேன்.”

“நம்பிட்டாரா?”

“பக்கத்து வூட்டுக்காரன் எங்க வூட்டுக்கு வர்றதா சொல்லிகீறான். தெரு முழுக்க இதே கததான். கடைசி வூட்டாண்ட போறப்ப அந்த மனுசனுக்கே அவசரம் வந்துடுச்சி.”

“ஐயய்யோ! அப்புறம்?”

“இல்லன்னு சொன்ன வாயால வாங்க சார்னு கூப்ட முடியுமா? ஏரிக்கரை முள்ளுச்செடியாண்ட ஓடினாரு.”

நண்பர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“நீ சிரிக்கிற. இந்த ஜனங்க இன்னா பாடுபடுதுன்னு அவரு மனசு எளகி எழுதிக் குடுத்துகீறாரு. தெருவுக்குப் பொதுக் கழிப்பறை சாங்ஷன் ஆயிடுச்சி.”

“நல்லதுதானே? எங்க கட்றாங்க?”

“என் வூட்டு வாசலுக்கு நேர் எதுக்க. நேத்து பள்ளம் தோண்டிட்டாங்க.”

“வேணாம்னு மனு குடுக்க வேண்டியதுதானே?”

“குடுக்கத்தான் போனேன். காரணம் எழுதச் சொல்றாங்க.”