ஜெரார்டின் இடது முழங்கால்

ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ஒன்பது மணிக்கு மேல் போனால் நல்ல மேசை கிடைக்காது. அதனால் எட்டரைக்கே இறங்கி, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து இதை எழுதுகிறேன். மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னீர்கள், மிஸ் பவித்ரா. கையால் எழுதினால்தான் எனக்கு உண்மை வரும். கணினியில் உட்கார்ந்தால் நகர மன்றத்துக்குப் புகார்தான் வருகிறது.

என் பெயர் இயேசுதாசன். வயது எழுபத்தொன்று. உங்கள் கிளப்புக்குத் தலைமைப் பயிற்றுநராக ஜெரார்டை எடுக்க நினைத்தீர்கள். அவன் விண்ணப்பத்தில், ‘இருபத்தொரு வயதில் இடது முழங்கால் தேய்ந்து தொழில்முறை ஆட்ட வாய்ப்பு போனது’ என்று எழுதியிருக்கிறான். உங்கள் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அந்த முழங்கால் மூட்டுவலித் தைல விளம்பரத்தில் ‘பூசிய பின்’ என்று போடுவதற்கு ஏற்றதாக இருக்கிறது. தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. ஆகவே அவன் பொய் சொல்கிறான் என்பது உங்கள் சந்தேகம். அந்தக் காலத்தில் அவனுக்குப் பயிற்றுநராக இருந்தவன் என்று என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

அவன் பொய் சொல்லவில்லை. அதை என்னைப் போல வேறு யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எப்படி என்று புரிய, என் பெருமையைக் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கும்.

நான் மூன்றாம் பிரிவில் பதினொரு வருடம் ஆடினேன். ‘ஆடினேன்’ என்பது ஒரு மரியாதைக்கு. இடது பின்வரிசையில் நின்றேன். பந்து மொத்தம் நான்கு தடவை என்னிடம் வந்தது, அதில் இரண்டு தடவை முகத்துக்கு. வாழ்நாளில் ஒரே ஒரு கோல் போட்டேன், எங்கள் வலைக்குள்ளேயே. அன்று கோல் காத்த தங்கராஜு இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சொல்வான்: “அந்த ஷாட்ட உலகத்துல எவனாலயும் புடிச்சிருக்க முடியாதுடா, தாசா.” நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆடத் தெரியாதவன் பயிற்றுநர் ஆவதும், பயிற்சி கொடுக்கத் தெரியாதவன் மேலாளர் ஆவதும் ஊர் வழக்கம். ராக்கெட் லெவன் அணிக்கு நான் முப்பத்தொரு வருடமாக இரண்டுமாக இருக்கிறேன். பயிற்சி ஃபேரர் பார்க் திடலில். பெயர்தான் ராக்கெட், ஒரு தடவைகூடக் கிளம்பியதில்லை. ஒரு பருவத்தில் எங்களுக்கு விழுந்த கோல்களை எழுதி எழுதியே ஒரு நடுவருக்கு மணிக்கட்டு வீங்கியது.

பிழைப்புக்கு ஒரு தனியார் மருந்தகத்தின் எக்ஸ்ரே பிரிவில் வேலை. படம் எடுக்கிறவன் அல்ல. எடுத்த படத்தை உறையில் போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, உரியவரிடம் கொடுக்கிறவன். இந்த வித்தியாசத்தை எங்கள் ஆட்கள் யாரும் பெரிதுபடுத்தியதில்லை. “நம்ம அங்கிள் எக்ஸ்ரேயில இருக்காரு” என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த மருத்துவம். கணுக்கால் சுளுக்கினாலும், எங்கள் அணித்தலைவன் ரெங்கசாமியின் மாமியாருக்கு மூச்சிரைத்தாலும், என்னிடம்தான் வருவார்கள். அரசாங்கப் பாலிகிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்ப்பதைவிட, பரோட்டாக் கடையில் அங்கிளைப் பார்ப்பது சுலபம். நான் படத்தைக் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து “ம்” என்பேன். பாதிப் பேருக்கு அந்த “ம்”மிலேயே குணமாகிவிடும்.

2005இல் ஜெரார்ட் வந்தான். இருபத்தொரு வயது, ராணுவத்தில் தேசிய சேவை முடித்த கையோடு. முதல் ஆட்டத்தில் எதிரணியில் ஏழு பேரைத் தாண்டினான். போகிற வேகத்தில் எங்கள் அணியிலும் இரண்டு பேரைத் தாண்டினான். நான்கு மாதம் நாங்கள் தோற்கவே இல்லை. தோற்காமல் பழக்கமில்லாததால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இரண்டாம் பிரிவு என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஜூலையில் ஒரு தொழில்முறைக் கிளப் அவனைத் தேர்வுக்கு அழைத்தது. ஓடி வந்து என்னிடம்தான் முதலில் சொன்னான்.

“செலக்ட் ஆனா ஃபுல்டைம் அங்கிள். சம்பளமே ஃபுட்பாலுக்குத்தான் லா.”

“போயிட்டு வாப்பா,” என்றேன். போய்விட்டு வருவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. அவன் வரமாட்டான் என்பதுதான் சங்கடம்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு தடியன் அவன் இடது முழங்காலில் உதைத்தான். கொய்யாப்பழம் அளவுக்கு வீங்கியது. மறுநாள் எங்கள் மருந்தகத்துக்கே கூட்டிப்போய்ப் படம் எடுக்க வைத்தேன். மாதா கோயில் சுவருக்கு வெள்ளையடித்த மறுநாள் மாதிரி அப்படி ஒரு சுத்தமான படம். அவன் போன பிறகு டாக்டர் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, ஐந்து நாள் ஓய்வு போதும்” என்று என்னிடம் எழுதிக் கொடுத்தார்.

என் மேசை இழுப்பறையில் இன்னொரு படம் இருந்தது. அதுவும் இடது முழங்கால்தான். என்னுடையது. ஐம்பத்தொரு வயது, பதினொரு வருடம் நின்றதன் பலன். காலை எட்டு மணி ரயிலில் ஆட்கள் நிற்கிற மாதிரி எலும்பும் எலும்பும் ஒட்டி நின்றன. நான் அதைத் தேடிப் போகவில்லை. இழுப்பறையைத் திறந்தேன், இருந்தது. மூலையில் அச்சாகியிருந்த என் பெயர் சரியாக ஒரு சீட்டின் அகலம். வருடக்கணக்காகச் சீட்டு ஒட்டிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

பரோட்டாக் கடையில் உறையைக் கொடுத்தேன். அவனே படத்தை உருவி விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

“டாக்டர் பாத்தாரா அங்கிள்?”

“பாத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“உனக்கு என்ன வயசுன்னு கேட்டாரு.”

பிய்த்த பரோட்டா கையிலேயே நின்றது. சால்னாவில் அவன் கண்ணீர் விழுந்ததை நான் பார்த்தேன். அதனால் அந்தச் சாப்பாட்டுக்கு நானே காசு கொடுத்தேன்.

“ப்ரோவா ஆடுனா ரெண்டே வருஷம், அப்புறம் வீல்சேர்தான்,” என்றேன். “எங்கிட்ட ஆடலாம். கடைசி அரை மணி நேரம். ஓடாத, நின்னே ஆடு. நான் பாத்துக்கறேன்.”

தேர்வுக்கு அவன் போகவில்லை. முழங்கால் உறை ஒன்று வாங்கிக் கொடுத்தேன், நல்ல ரகம். பதினான்கு வருடம் நின்றபடியே ஆடித் தொண்ணூற்று நான்கு கோல் போட்டான். ஆனால் அரை மணி நேர ஆட்டக்காரனை வைத்துக்கொண்டு இரண்டாம் பிரிவுக்கு ஏற முடியாது என்பது எனக்கு முதலில் தோன்றவில்லை. அந்த விஷயத்தில் நானும் பாதிக்கப்பட்டவன்தான்.

கொஞ்ச நாளில் அவன் நொண்ட ஆரம்பித்தான். நான் நொண்டச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று கோயிலுக்குள் அவனுக்காக மணமகள் நிக்கோல் மெதுவாக நடந்தாள். பாடற்குழு ஒரு சரணம் கூடுதலாகப் பாட வேண்டியதாயிற்று. மகள் கேட்லின் பிறந்தபோது, எங்கே முழங்கால் மடங்கிவிடுமோ என்று அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு படிகூட ஏறமாட்டான். என் சொல்லை அவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற ஆட்டக்காரன் எனக்கு வேறு அமையவில்லை.

என் மனைவி பிலோமினம்மாளிடம் மட்டும் இது செல்லவில்லை. படத்தோடு அவன் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, “என்னப்பா இது, கெழவன் முட்டி மாதிரி இருக்கு?” என்றாள். அவன் போனதும் என் பக்கம் திரும்பி, “உங்க படம் எங்கங்க?” என்று கேட்டாள். ஆபீசில் இருக்கிறது என்றேன். மூன்று நாள் எனக்கு மீன் கிடையாது. நான்காம் நாள், “போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க,” என்றாள்.

பண்ணினேன். “எனக்குச் சொந்தமான ஒன்றை, கேட்காமலே இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன் சாமி,” என்று சாமியாரிடம் சொன்னேன். “நல்ல காரியந்தானப்பா,” என்றார். இருந்தாலும் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நான் நான்காகச் சொன்னேன்.

ஆட்டம் நின்றபின் ஜெரார்ட் எனக்கு உதவிப் பயிற்றுநர் ஆனான். உரிமத் தேர்வுகள் எல்லாம் எழுதித் தேறினான். சென்ற வருடம் நாங்கள் வென்ற ஒன்பது ஆட்டமும் அவனுடைய வேலை. பெயர் என்னுடையது. மேலாளருக்கு அந்த உரிமை உண்டு.

உங்கள் மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் பாசிர் ரிஸிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். முகம் குருத்தோலை ஞாயிறு மாதிரி இருந்தது.

“அங்கிள், மாதா குணமாக்கிட்டாங்க. முட்டி புதுசு மாதிரி இருக்காம். நிக்கோல் காலையில இருந்து அழுதுகிட்டே இருக்கா. ஆனா கிளப்ல நம்ப மாட்றாங்க லா. அப்ப கெட்டிருந்துச்சுன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போதும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வேணுமாம். இந்த வேலை போச்சுன்னா இந்த வயசுல எனக்கு வேற எவன் குடுப்பான்?”

அடுக்களையில் ஒரு மூடி விழுந்தது. “நல்லா எழுதிக் குடுங்க,” என்று பிலோமினம்மாள் அங்கிருந்தே சொன்னாள். “ஒண்ணு விடாம எழுதுங்க.”

ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். ஜெரார்டின் முழங்காலில் எந்தக் காலத்திலும் ஒரு கோளாறும் இருந்ததில்லை. அவன் என் சொல்லை நம்பித்தான் உங்கள் விண்ணப்பத்தில் அப்படி எழுதினான். மாற்றியவன் நான். தெரிந்தே மாற்றினேன், இருபது வருடம் தெரிந்தே சும்மா இருந்தேன். ஆனால் நான் கெடுத்தது ஒரு தேர்வைத்தான், மிஸ் பவித்ரா. தொழில்முறை ஆட்டக்காரர்கள் முப்பத்திரண்டு வயதில் வேண்டாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். இவனை நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவன்மேல் இவ்வளவு அக்கறை உள்ள ஒரு கிளப்பை நீங்கள் காட்டுங்கள் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை மாலை என்றீர்கள். இன்று அதற்கு அடுத்த வியாழன். வேறொருவரை எடுத்துவிட்டதாகத் திங்களன்று நீங்கள் எழுதியது ஜெரார்டுக்குக் கிடைத்துவிட்டது. நேற்று பயிற்சிக்கு முழங்கால் உறை இல்லாமல் வந்தான். திடலைச் சுற்றிச் சுற்றி ஓடினான். நாற்பத்தொரு வயதில் அப்படி ஓர் ஓட்டம். நாற்பது தாண்டியவர்கள் அணிக்கு உடனே அவன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இதில் இரண்டு இடங்களில் அடித்தல் திருத்தல் இருக்கிறது. நல்ல தாள் வாங்கி, ஒருமுறை சுத்தமாகப் பிரதி எடுத்துத்தான் அனுப்புவேன். இதிலெல்லாம் அவசரம் கூடாது. ஒருவனுடைய வாழ்க்கை சம்பந்தப்பட்ட விஷயம்.