இரண்டாம் சனிக்கிழமைப் பாட்டு

இரவு ஏழே முக்கால். சின்னாளபட்டிக்கு வெளியே, பழைய நூல் கிடங்குக்குப் போகிற ரோடு. அதைத் தாண்டினால் வீடு கிடையாது... விளக்கு கிடையாது. இது நம் ரோஸ்மேரியின் சித்தப்பா பிராங்க்ளினுக்கு நடந்தது. இரண்டு வருடம் ஆகிறது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்தக் கிடங்கில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை பாட்டுக் கூட்டம். ஊர்க்காரர்களே நடத்துவது. ஒருவர் பாய் கொண்டுவருவார், ஒருவர் சுண்டல். மைக் செட் பெருமாள்சாமியுடையது. பிராங்க்ளின் ஆர்மோனியம். பாடி முடித்தவர் அடுத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. அதுதான் வழக்கம்.

அன்று முத்துக்கிருஷ்ணன் பாடினார்.

"அப்பு, மைக்கக் கடிச்சுப்புடாத. நாளைக்கி ஒரு காதுகுத்துக்கு வேணும்," என்றார் பெருமாள்சாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

பாட்டு முடிந்தது. அடுத்த பெயரைச் சொல்ல வாயெடுத்தார்... கரண்ட் போனது.

இருட்டு. கஞ்சி போட்ட நூலின் புளித்த வாடை. அதற்கு மேலே... கிராம்பு வாசம்.

கிராம்பு மென்றுவிட்டுப் பாடுகிறவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். தறிக்காரர் வீட்டுச் சிவனம்மாள். அவர் செத்து மூன்று மாதம்.

"ம்க்கும்" என்று ஒரு செருமல். பிறகு பாட்டு. சிவனம்மாள் குரலேதான்... கடைசி அடிவரை. முடித்துவிட்டு அந்தக் குரல் கூப்பிட்டது.

"மலரு... வா தாயி."

மலர்விழி பிராங்க்ளினின் மனைவி. பக்கத்தில்தான் இருந்தாள். பிராங்க்ளின் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போவாத புள்ள."

"கூப்டாச்சுல்ல... செத்த நேரந்தான். விடுங்க."

அவர் விடவில்லை. அவளும் எழவில்லை. ஆனால் மைக் இருந்த பக்கத்திலிருந்து மலர்விழியின் குரல் பாடத் தொடங்கியது.

கரண்ட் வந்தது. ஸ்பீக்கர் 'கொய்ங்' என்றது. மைக்குக்கு முன்னால் யாருமில்லை. குரல் மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாக... மலர்விழி கணவன் பக்கத்திலேயே, உதடு மூடி, கண் திறந்து உட்கார்ந்திருந்தாள். பெருமாள்சாமி ஒயரைப் பிடுங்கினார். பாட்டு நிற்கவில்லை. முடிய வேண்டிய இடத்தில்தான் முடிந்தது.

அதோடு அவளுக்குப் பேச்சு போயிற்று. மதுரையில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். கூட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் இரண்டாம் சனிக்கிழமைதோறும், ஏழே முக்காலுக்கு, அவள் கழுத்து நரம்பு புடைக்கும். பிராங்க்ளின் அவள் தொண்டையில் உள்ளங்கையை வைப்பார். சத்தமே இல்லாமல் உள்ளே அதிரும். இருபது வருடம் ஆர்மோனியம் வாசித்த கை... என்ன பாட்டு என்று தெரிந்துவிடும். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். "விட்ருங்கக்கா... போதும்," என்று காற்றைப் பார்த்துக் கெஞ்சுவார். வேறென்ன செய்வார்?

போன மாதம் அவரால் தாங்க முடியவில்லை. பாட்டு முடியுமுன்னே கையை எடுத்துவிட்டார்.

அவள் கழுத்து அடங்கிப்போனது.

மீதிப் பாட்டு அவர் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டிருந்தது.