காலி ரூமில் பொட்டாசியம்

அக்கா — பொட்டாசியமா? நல்லாப் பாத்தீங்களா தம்பி?

தம்பி — நீங்களே ஸ்கிரீன்ல பாருங்கக்கா. நாற்காலி காலி, கதவு சாத்தியிருக்கு. ஆனா கிராஃப்ல பொட்டாசியம் வர்ற இடத்துல கோடு ஊசி மாதிரி நிக்குது.

அக்கா — சுவத்துலேர்ந்து வரலாம்...

தம்பி — ஒரு சாண் தடிமன் இரும்புச் சுவருக்கா. பதினெட்டு வருஷமா இந்த ரூம்ல ஆளுங்கள உக்கார வெச்சு, உடம்புக்குள்ள கதிர்வீச்சு இருக்கான்னு பாத்துக்கிட்டிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா?

அக்கா — காலி ரூம ஒரு தடவ அளந்தா போதும்னுதான் வந்தன்னைக்கு சொன்னீங்க. ரெண்டு வாரமா அளந்துக்கிட்டே இருக்கீங்க.

தம்பி — அது... ஜாக்கிரதைக்கு.

அக்கா — அப்ப நீங்க மாட்டின புது டிடெக்டர்லதான் கோளாறு.

தம்பி — அப்படித்தான் எழுதணும். டிடெக்டருக்குள்ள இருக்கற ஜெர்மானியக் கட்டிய மூடியிருக்கற உறை சுத்தமில்லன்னு. இதக் கழட்டி அனுப்பிட்டு, இன்னும் சுத்தமான உலோகத்துல செஞ்ச வகைய வரவழைக்கணும்.

அக்கா — எவ்ளோ நாளாகும்?

தம்பி — ஆறு மாசம்.

அக்கா — அதுவரைக்கும் இந்த ரூமு?

தம்பி — பூட்டிதான் வெக்கணும்.

அக்கா — ஆறு மாசமும் பூட்டியேவா?

தம்பி — ஆமா. ஏன்க்கா கேக்கறீங்க?

அக்கா — பழைய டிடெக்டரையே மாட்டிடுங்களேன். நைட்ரஜன் ஊத்திக் குளிர வெச்சா அதுபாட்டுக்கு ஓடும்.

தம்பி — அத ஊத்தறதுக்குன்னு ஞாயித்துக்கிழமையும் வந்துக்கிட்டிருந்தீங்களே. அந்தக் கஷ்டம் வேணாம்னுதான் கரண்ட்லயே குளிர்ற வகையாப் பாத்து எழுதிக் குடுத்தேன்.

அக்கா — கஷ்டம்னு நான் சொன்னேனா?

தம்பி — சொல்லல...

அக்கா — நீங்களும் கேக்கல.

தம்பி — கேட்டிருக்கணும்.

அக்கா — சரி விடுங்க. சாப்பாட்டுப் பைய உள்ள மறந்து வெச்சிருப்பேன். வாழைப்பழம் இருந்துச்சு. அதுல பொட்டாசியம் உண்டுல்ல?

தம்பி — எத்தன பழம்?

அக்கா — ரெண்டு... ஒரு சீப்புன்னு வெச்சுக்கங்க.

தம்பி — இந்த உயரத்துக்கு இருநூறு, முன்னூறு பழமாவது வேணும்க்கா.

அக்கா — அவ்ளோவா...

தம்பி — அதுவும் அந்தப் பழமெல்லாம் நேத்து நாலு மணிக்கு வந்து, நாற்காலில உக்காந்து, ஆறு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கணும்.

அக்கா — நேத்தா? அளக்கறது சனிக்கிழமை காலையிலயே நின்னுடும்னுதானே சொன்னீங்க?

தம்பி — நிறுத்த மறந்துட்டேன். மணிக்கு ஒரு ஃபைலா அதுவே சேத்து வெச்சிருக்கு. நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்தான் ஊசி. மத்த நேரமெல்லாம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு.

அக்கா — அப்ப கழட்டறது, ஆறு மாசம், பூட்டு... எல்லாம் சும்மாவா?

தம்பி — நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.

அக்கா — பொல்லாத ஆளுதான் நீங்க.

தம்பி — மனுஷ உடம்புல இருக்கற பொட்டாசியம்தான் அது. நீங்கதானேக்கா உள்ள இருந்தது?

அக்கா — வேற யாரு. எழுதிக்கங்க. மேலிடத்துக்குப் போகட்டும்.

தம்பி — எழுதறதுக்காகக் கேக்கல. வீட்ல ஏதாவது பிரச்சினையா?

அக்கா — பிரச்சினை பண்ண ஒரு ஆளாவது வேணுமே. அவர் போய் மூணு வருஷமாச்சு. பொண்ணு கடல் தாண்டி இருக்கா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவா... கூப்பிட்டுக்கிட்டிருந்தா.

தம்பி — இப்ப?

அக்கா — வேல ஜாஸ்தி, பாவம். நாலு மணிக்கு ஃபோன மேசை மேல வெப்பேன். அது பேசாம கெடக்கும். அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது இருக்கே தம்பி... என்னால ஆகல.

தம்பி — அதுக்கு இந்த இரும்பு ரூம்ல வந்து...

அக்கா — உள்ள சிக்னல் கெடையாதுல்ல.

தம்பி — ம்.

அக்கா — கதவ சாத்திட்டா, யாரோ கூப்பிட்டாங்க, லைன் கெடைக்கலன்னு நெனச்சுக்கலாம். ரெண்டு மணி நேரம் மனசு சும்மா இருக்கும். நைட்ரஜன் இருந்தவரைக்கும் வர ஒரு சாக்கு இருந்துச்சு. இப்ப திருட்டுத்தனமா வர்றேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க.

தம்பி — சிரிக்கல.

அக்கா — யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்.

தம்பி — கூப்பிட்டேன்க்கா. நாலரைக்கு ஒரு தடவ, அஞ்சேகாலுக்கு ஒரு தடவ. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வந்துச்சு.

அக்கா — நீங்களா... டிடெக்டர் விஷயமா?

தம்பி — டிடெக்டர் வேல வந்த மூணாம் நாளே முடிஞ்சிடுச்சுக்கா. திரும்பிப் போனாலும் பூட்டுன வீடுதான், அதான் அளந்துக்கிட்டே இருக்கேன். நேத்து லாட்ஜ் ரூம்ல காலையிலேர்ந்து ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்த பேசல... அதான், சாப்பிட்டீங்களான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்.