சத்தம் வந்ததும் கையை எடு

பொன்னாடை போர்த்தப்பட வேண்டியிருந்தும் போர்த்தப்படாத விழாத் தலைவர், பட்டு வணிகர், பண்பாளர் ஐயா ராஜகுரு அவர்களே! போர்த்தப்பட வேண்டாதிருந்தும் போர்த்தப்பட்டுவிட்ட மைக் செட் தம்பி சோணை அவர்களே!

சிரிக்காதீர்கள். தலைவர் நாற்காலியில் இருப்பவருக்குப் பொன்னாடை போடு என்றார்கள், போட்டேன். அவர் மைக் வயரைச் சரிபார்க்க உட்கார்ந்தவர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் மூக்குக் கண்ணாடி வேனிலேயே கிடக்கிறது. போர்த்தியதைத் திரும்பப் பிடுங்குவது மரியாதையா? ஐயாவும் பெரிய மனது பண்ணி, "இருக்கட்டும்ண்ணே, எங்க கடையில இல்லாத துணியா?" என்று சொல்லிவிட்டார். தம்பி சோணை அதைப் போர்த்திக்கொண்டேதான் அந்தத் தூணோரம் நிற்கிறார். எடுப்பாக இருக்கிறது தம்பி, கழற்றிவிடாதீர்கள்.

எங்களுக்குப் பாடம் நடத்திய பயிற்சியாளர், வயதில் எனக்கு இளையவர், வேலையில் எனக்கு மூத்தவர், தங்கை இந்துப்ரியா அவர்களே! விடியுமுன் எழுந்து, வேனைத் துடைத்து, ஊரார் பிள்ளைகளையெல்லாம் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, சொந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் மட்டும் வானத்தைப் பார்க்கிற என் சங்கத்து அண்ணன்மார்களே, மாப்பிள்ளைமார்களே! பிள்ளையை மடியிலும், பையைத் தோளிலும், பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இந்த மனுசன் என்ன உளறப் போகிறானோ என்று முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டிருக்கும் என் மனைவி பாண்டியம்மாள் அவர்களே! அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும், நாளைக் காலை கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறப் போகும் என் மகள் மீனா அவர்களே! எல்லோருக்கும் இந்த முத்துக்கருப்பனின் முதற்கண் வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுப்பாக இருக்கிறது. நின்றால் முழங்கால் அலுப்பு, உட்கார்ந்தால் இடுப்பு அலுப்பு, படுத்தால் நாளைக்கு எழ வேண்டுமே என்கிற அலுப்பு. இருபத்தாறு வருடம் திருநகரில் பள்ளி வேன் ஓட்டியவனுக்கு இது புதிதில்லை. இந்த அலுப்போடு பத்து ஞாயிற்றுக்கிழமை போய் நான் படித்தது என்ன தெரியுமா? ஸ்போர்ட்ஸ் கார் பராமரிப்பு! ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்துவிட்டு, இரண்டு முறையும் அதோடு நின்றவன் நான். எனக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்?

என் மகள் மீனா ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்தாள். கோயம்புத்தூரில் பந்தயக் கார்களைப் பழுதுபார்க்கிற பட்டறை ஒன்று, 'செய்முறை வகுப்பில் தேறிச் சான்றிதழோடு வந்தால் வேலை உண்டு' என்று அவளுக்குக் கடிதம் போட்டது. நான் வேண்டாம் என்றேன். காலையில் வேண்டாம் என்றேன், மாலையில் வேண்டாம் என்றேன், சோற்றில் கை வைத்தபடி வேண்டாம் என்றேன், வேனை ரிவர்ஸ் எடுத்தபடி வேண்டாம் என்றேன். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லி என் வாய் அலுத்தது. ஏன், ஏன் என்று கேட்டு அவள் வாய் அலுக்கவில்லை!

கடைசியில் பாண்டியம்மாள்தான் தீர்ப்புச் சொன்னாள். "பிள்ள படிக்கட்டும். ஒங்களுக்குப் பயமா இருந்தா நீங்களும் போயி ஓரமா உக்காருங்க."

போனேன். வாடிப்பட்டி சாலையில் ஐயா ராஜகுருவின் கார்க் கொட்டகை. அவருடைய சொந்தக் கார்களை வைத்துத்தான் பாடம். வாசலிலேயே தங்கை இந்துப்ரியா மறித்தார்.

"வேடிக்கை பாக்க இடமில்லண்ணே. உள்ள வந்தா ஸ்பேனரப் பிடிக்கணும். ரெண்டு ரெண்டு பேரா வேலை. பேரு குடுக்குறீங்களா?"

கொடுத்தேன். மகளுக்குக் காவலாகப் போனவன் மகளுக்குக் கையாளாகிவிட்டேன்.

முதல் ஞாயிறு. முன்னே நிற்கிறது ஒரு சிவப்புக் கார். பார்த்தால் பளபளப்பு, படுத்திருக்கிற பாம்பின் வழவழப்பு! எனக்குத் தெரியாத வண்டியா என்று முன்மூடியைத் திறந்தேன். உள்ளே இஞ்சின் இல்லை.

"ஏத்தா மீனா, இஞ்சினக் காணோம்! வாட்ச்மேனக் கூப்புடு!"

"அப்பா, சத்தம் போடாதீங்க. இஞ்சின் பின்னாடி இருக்கு."

"பின்னாடியா? அப்ப சாமானெல்லாம் எங்கிட்டு வைக்கிறது?"

"நீங்க தொறந்து வச்சிருக்கீங்கள்ல, அங்க."

நம் வேனில் இஞ்சின் எங்கே இருக்கிறது? ஓட்டுகிறவன் இருக்கைக்கு அடியில். இருபத்தாறு வருடம் அதன் மேலேயே உட்கார்ந்து வெந்தவனுக்கு, இஞ்சின் முன்னால்தான் இருக்கும் என்கிற நினைப்பு எங்கிருந்து வந்தது? தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு, சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் போனேன். வாரம் முழுக்க அலைந்த உடம்பு, சில்லென்ற சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி, மேலே நிழல். சற்று நேரத்தில் தங்கை இந்துப்ரியா எல்லோரையும் கூப்பிட்டு, "எல்லாரும் அமைதியா கேளுங்க. இந்தக் காருக்குள்ள ஒரு சத்தம் வருது. எதுலருந்து வருதுன்னு யாரு சொல்வா?" என்றாராம்.

மீனா கை தூக்கினாளாம். "எங்கப்பாகிட்டருந்து மேடம்."

என்ன பேயாண்டி, அங்கே என்ன சத்தம்? சத்தமாகச் சொல்லு மாப்ள. "எங்க வேன்லயும் அந்தச் சத்தம் வரும்ண்ணே" என்கிறாயா? வரும், வரும். உன் வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்கு நீ ஒரு விடுப்புக் கொடு!

இனிமேல்தான் விசயத்துக்கு வாரேன்.

டார்க் ரெஞ்ச் என்று ஒரு சாமான். நீளக் கம்பி போல இருக்கும். எவ்வளவு முடுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்துவிட்டு போல்ட்டை முடுக்கினால், போதுமென்ற இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு நிறுத்த வேண்டும்.

நாம் நிறுத்துகிற ஆட்களா? நம் முறை என்ன? கைக்கு இறுகும் வரை முடுக்கு. பிறகு பல்லைக் கடித்து ஒரு முடுக்கு. பிறகு ஏறுகிற பிள்ளைகளை நினைத்து இன்னொரு முடுக்கு. எத்தனை பிள்ளைகள் என்று கேட்காதீர்கள், ஆர்.டி.ஓ. காதில் விழ வேண்டாம். அந்தக் கடைசி முடுக்கு இருக்கிறதே, அது பலத்தால் போடுவது அல்ல. பயத்தால் போடுவது.

தங்கை இந்துப்ரியா தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, இது இரும்பில்ல, அலுமினியம். இம்புட்டுக் கூடுனாலும் உள்ள இருக்குற திருகு மரை பிஞ்சுரும். சத்தம் வந்ததும் கைய எடுத்துருங்க."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் டீச்சர். இஞ்சின் மேலயே உக்காந்து உக்காந்து..."

"காது கேக்காட்டி என்னண்ணே? கைக்குத் தெரியும். சின்னதா ஒரு உதறு உதறும்."

நான்காம் ஞாயிறு ஒரு போல்ட்டை முறித்தேன். ஐந்தாம் ஞாயிறு அதன் தம்பியை முறித்தேன். ஏழாம் ஞாயிற்றிலிருந்துதான் இந்தக் கை படிந்தது. டிக், கையை எடு. டிக், கையை எடு. வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திருகும்போதுகூட டிக் வருமா என்று காத்திருந்தேன் என்று பாண்டியம்மாள் சொல்கிறாள். உண்மைதான்.

பத்தாம் ஞாயிறு, தேர்வு. ஒன்றரை மணி நேரம். பழைய ஆயிலை வடித்து, வடிகால் போல்ட்டைப் பூட்டி, புது ஆயில் ஊற்றி, ஒரு சொட்டு ஒழுகாமல் காட்ட வேண்டும். ஒழுகினால் சான்றிதழ் கிடையாது. தேறினால் மீனாவுக்குக் கோயம்புத்தூர். தேறாவிட்டால் திருநகர். அம்புட்டுதான்.

போல்ட்டைப் பூட்டுகிற வேலை என்னுடையது. படுத்தேன். கையால் திருகினேன். ரெஞ்சை மாட்டினேன். இழுத்தேன். இழுத்த கை நிற்கவில்லை. இன்னொரு இழுப்பும் இழுத்தேன். அவ்வளவுதான், உள்மரை பிய்ந்து போல்ட் சும்மா சுற்றியது, வெண்ணெயில் சுற்றுவது போல.

மீனா பக்கத்தில் ஊர்ந்து வந்தாள். காருக்கு அடியில் அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"சத்தம் கேக்கலயாப்பா?"

"கேக்கலயே தாயி."

என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நகருங்கப்பா. லைட்டப் பிடிங்க. ஆட்டாதீங்க" என்றாள்.

தாய்மார்களே! அடுத்த நாற்பது நிமிடம் நான் கண்டதை எந்த வாயால் சொல்வேன்? என் மகள் கோபித்தாளா? இல்லை. அழுதாளா? இல்லை. பிய்ந்த மரையைத் துளைத்து எடுத்தாள். துளையில் புது மரை வெட்டினாள். சுருள் கம்பி போல ஒரு கூட்டை உள்ளே திருகி இறக்கினாள். உதிர்ந்த தூளைக் கழுவி வடித்தாள். நெற்றியில் கறுப்பு ஆயில், புருவத்தில் வியர்வை, கண் மட்டும் துளையை விட்டு நகரவில்லை!  இருபத்திரண்டு வருடம் நான் பார்த்த பிள்ளை இவள்தானா? இத்தனை நாள் நான் யாரை வேண்டாம், வேண்டாம் என்றேன்?

முடிந்ததும் புது போல்ட்டை எடுத்தாள். அவளே முடுக்கியிருக்கலாம். முடுக்கவில்லை. ரெஞ்சை என்னிடம் நீட்டினாள்.

"இது ஒங்க வேலப்பா. நீங்களே முடுக்குங்க."

டிக். கையை எடுத்தேன்.

ஆயில் ஊற்றினோம். அடியில் செய்தித்தாளை விரித்து நின்றோம். ஒரு சொட்டு இல்லை. தங்கை இந்துப்ரியா அந்தத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மீனாவிடம், "நான் சொல்லிக் குடுக்காத பாடத்த எனக்கே செஞ்சு காட்டிட்டல்ல" என்றார்.

என்ன மாப்ள? "அப்ப ஒங்களுக்கு எப்படிண்ணே சான்றிதழ் குடுத்தாங்க"? ஜோடிக்கு ஒரு தாள்தான் பேயாண்டி. மேலே அவள் பேர், கீழே என் பேர். லாரி பின்னால் கட்டி இழுத்து வருகிற பழுதான வண்டி போல!

என் சொந்தங்களே, சிரித்தது போதும், ஒரு நிமிடம். முடுக்குவது நமக்குத் தெரியும். யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்? படி என்று முடுக்கினோம், படித்தார்கள். பத்திரம் என்று முடுக்கினோம், பத்திரமாக வந்தார்கள். அதற்கு மேலும் ஒரு முடுக்கு எதற்கு? பாசம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொள்கிறோமே, அது பாசமா? பிள்ளை போய்விடுமே என்கிற பயம்! நாம் வளர்த்த பிள்ளை நம் கைக்கு ஒரு சைகை கொடுக்கும். சின்னதாக ஒரு உதறல். அப்போது கையை எடுங்கள் அண்ணன்மார்களே! எடுத்தால் வண்டி ஓடும். எடுக்காவிட்டால் நம் கையில் மிஞ்சுவது சும்மா சுற்றுகிற ஒரு போல்ட். எடுங்கள்! நானும் எடுத்துவிட்டேன். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் எடுத்துவிட்டேன்.

நாளைக் காலை பஸ் ஸ்டாண்டு வரை என் வேனிலேயே மீனாவைக் கொண்டுபோய் விடுகிறேன். அங்கிருந்து அவளாகப் போய்க்கொள்வாள். கூடப் போய் ஓரமாக உட்கார எனக்கு அங்கே இடமில்லை.

முழங்கால் போதும் என்கிறது. கார் கொடுத்து, கொட்டகை கொடுத்து, முறித்த போல்ட்டுகளையும் மன்னித்த ஐயா ராஜகுருவுக்கும், பொறுமையைப் பாடமாக நடத்திய தங்கை இந்துப்ரியாவுக்கும், பொன்னாடையைப் பத்திரமாக வைத்திருக்கும் தம்பி சோணைக்கும், என் அலுப்பைக் கேட்டு நீங்களும் அலுத்துப்போன பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி கூறி, வேனில் கிடக்கும் கண்ணாடியைத் தேடிப் போறேன். வணக்கம்.

மேடையில் பேசியது இதோடு முடிந்தது. சங்கத்து ஆண்டு மலரில் போட வேண்டும், எழுதிக் கொடு என்று கேட்டார்கள், எழுதிவிட்டேன். காருக்கு அடியில் மீனா கேட்டதற்கு வாயால் சொல்லாத ஒன்றை மட்டும் கடைசியில் சேர்க்கிறேன். மலர் அச்சாகி வரும்போது மீனா கோயம்புத்தூரில் இருப்பாள்.

கேட்டுச்சு தாயி.